இரண்டாவது மாடியில் கேட்ட சத்தம்

சரளா அக்காவுக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே எனக்கு ரொம்ப நாள் தெரியாது. நீலசந்திராவில் உள்ள எங்கள் மனநல கிளினிக்கில் மாத்திரை கொடுப்பது என் வேலை. வருகிறவர்களிடம் முதலில் உட்கார்ந்து பேசுவது அவர் வேலை. டாக்டர் வாரத்தில் சில நாள்தான் வருவார். யாரை அவரிடம் அனுப்புவது, யாருக்குப் புத்தி சொல்லி வீட்டுக்கு அனுப்புவது என்று முடிவு செய்வதெல்லாம் அக்காதான்.

அக்காவுக்குச் சொந்த ஊர் கோலார் தங்கவயல், மாரிகுப்பம் பக்கம். அப்பா சுரங்கத் தொழிலாளி. அப்பாவும் அம்மாவும் போன பிறகு இங்கே ஒக்கலிபுரத்தில் ஒற்றை அறை எடுத்துத் தனியாக இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தீர்கள் என்று கேட்டால் "துணி தொவச்சேன்" என்பார். எல்லா ஞாயிறும் அதே பதில்தான். ஒரு ஆளுக்கு அப்படி எவ்வளவு துணிதான் சேரும் என்று எனக்கு எரிச்சலாக வரும்.

புதன்கிழமை மதியம் மட்டும் அவர் முகம் கொஞ்சம் தெளிவாக இருக்கும். அன்று ஆன்லைன் வகுப்பு. மனச்சிதைவு நோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துச் சிகிச்சை கொடுப்பது எப்படி என்று, ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களுக்கு நடக்கிற பயிற்சி. பல ஊர் டாக்டர்களும் நர்சுகளும் அக்கா மாதிரி ஆட்களும் திரையில் சின்னச் சின்னக் கட்டங்களில் உட்கார்ந்திருப்பார்கள். நடத்துகிறவர் டாக்டர் சீனிவாசராகவன். அவர் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான். முதல் அறிகுறிக்கும் முதல் மாத்திரைக்கும் நடுவே நாள் ஓடக் கூடாது. ஓடினால் அந்தப் பிள்ளையின் படிப்பு, வேலை, சிநேகிதம் எல்லாம் கைவிட்டுப் போகும். எங்கள் இரண்டு அறைக்கும் நடுவே வெறும் பிளைவுட் தடுப்புதான் என்பதால் நானும் இலவசமாகப் படித்துக்கொண்டிருந்தேன்.

வகுப்பு முடிந்ததும் எல்லாரும் கையாட்டுவார்கள். அக்காவும் ஆட்டுவார். திரை அணைந்த பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருப்பார். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட அந்த வகுப்பை விட்டால் வேறு ஆள் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் அன்னம்மாள் தன் மகன் கிஷோரை அழைத்துக்கொண்டு வந்தாள். செல்போன் கடையில் வேலை பார்க்கிற பையன். பக்கத்துத் தெருவிலேயே ஒரு வீட்டின் இரண்டாவது மாடியில் குடியிருந்தார்கள்.

"நைட்டெல்லாம் தூங்கறதில்ல மேடம். தரையில காத வச்சிகினு படுத்துகினு கீறான். வேலைக்கிப் போறதயும் உட்டுட்டான்."

"என்ன தம்பி கேக்குது?"

"அடியில இடிக்குது மேடம். டொம்மு டொம்முன்னு."

"எந்த ஊரு நீங்க?"

"சாம்பியன் ரீஃப். தங்கவயல்ல."

அவ்வளவுதான். தடுப்புக்கு அந்தப் பக்கம் அக்கா வாய்விட்டுச் சிரித்தார். "அட, நான் மாரிகுப்பம்பா! எங்க எல்லாருக்குமே அது கேக்கும். படுத்தா அடியில இடிக்கும். எங்கம்மா பாத்திரம் உருளாம புடிச்சிகினேதான் தூங்குவாங்க."

தங்கவயலில் அது நிஜம்தான். ரொம்ப ஆழம் வரை தோண்டிய இடத்தில் பாறை பாரம் தாங்காமல் உடையும்போது மேலே வீடே அதிரும். சுரங்கத்தை மூடிய பிறகும் அதிர்ந்தது என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள். இது தெரியாத டாக்டரிடம் போயிருந்தால் பையனை நோயாளியாக்கி இருப்பார்கள், நல்லவேளை தன்னிடம் வந்தான் என்று அக்காவுக்குப் பெருமை. அப்புறம் பேச்சு ஊரை விட்டு நகரவே இல்லை. வெளியே காத்திருந்த ஒரு அம்மா "நம்து யாவாக மேடம்?" என்று கன்னடத்தில் தன் முறை கேட்க ஆரம்பித்துவிட்டார். டீயைக் குறை, சீக்கிரம் படு, அடுத்த மாதம் வா என்று கிஷோரை அனுப்பினார் அக்கா. அன்னம்மாள் அரை மனதோடுதான் போனாள்.

அன்று மதியம் அக்கா தன் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்து சாப்பிட்டார்.

வகுப்பில் ஆளுக்கு ஒரு நோயாளியைப் பற்றிப் பேச வேண்டும். அக்காவின் முறை வந்தபோது கிஷோரைப் பற்றிச் சொன்னார். நோய் மாதிரி தெரிந்தாலும் இது நோயில்லை, ஊர் அனுபவம் என்று அழகாக விளக்கினார். சீனிவாசராகவன் பாராட்டினார். அப்போது அனன்யா என்ற இளம் டாக்டர் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டாள். அந்தப் பையன் இப்போது எந்த மாடியில் இருக்கிறான்?

"இரண்டாவது..." என்று ஆரம்பித்த அக்கா அதோடு நிறுத்திவிட்டார்.

நீலசந்திராவுக்கு அடியில் எந்தச் சுரங்கமும் இல்லை. கிஷோர் காதை வைத்துப் படுத்த தரைக்குக் கீழே இருந்தது இன்னொரு குடும்பத்தின் சமையலறை. இது அக்காவுக்குத் தெரியாதா என்ன? ஊர்ப் பேச்சுக்காக அவ்வளவு ஏங்கிப் போயிருந்தவருக்கு அன்று வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. அதைவிடப் பாவமாக இருந்தது.

சீனிவாசராகவன் திட்டவில்லை. "போய் அழைத்து வாருங்கள். சத்தமே இல்லை என்று அவனோடு சண்டை போடாதீர்கள். எனக்கும் கேட்கிறது என்று பொய்யும் சொல்லாதீர்கள்" என்றார்.

அக்காவும் நானும் போனால் அந்த வீடு பூட்டியிருந்தது. கிஷோர் கடப்பாரையால் தரையைத் தோண்டியிருக்கிறான். வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார். அம்மாவும் மகனும் இப்போது அத்திபெலேயில் இருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். என் வீடும் அத்திபெலேயில்தான். அக்கா என்னோடு பஸ் ஏறினார். "என்னாலதான் நாள் ஓடிடிச்சி மகா" என்றார்.

வாசலிலேயே அன்னம்மாள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "டாக்டர் கிட்ட வரமாட்டேன்றான். சரளா மேடத்துக்கும்தான் கேக்குது, அவங்க இன்னா பைத்தியமான்றான். நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க மேடம். எனக்கும் கேக்குது, ரெண்டு பேரும் சேந்து போலாம்னு சொல்லுங்க. வந்துருவான்."

எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. பையன் வந்தால் போதாதா?

கிஷோர் பாதியாக இளைத்திருந்தான். அக்காவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "இப்போ கூட கேக்குது மேடம். என் பேர சொல்லிக் கூப்புட்றாங்க. கேட்டுப் பாருங்க" என்று நகர்ந்து இடம் விட்டான். அக்கா நிஜமாகவே அந்தச் சிமெண்ட் தரையில் படுத்துக் காதை வைத்தார். ரொம்ப நேரம் கேட்டார். அப்புறம் எழுந்து உட்கார்ந்தார்.

"எனக்கு கேக்கல கிஷோர்."

"அன்னிக்கி கேக்கும்னு சொன்னீங்களே?"

"அது ஊர்ல. இங்க எனக்கு கேட்டதே இல்ல. அன்னிக்கே உன்ன ஒழுங்கா விசாரிச்சிருக்கணும். தப்பு என்னோடது."

"அப்போ எனக்கு மட்டுந்தானா?"

"இங்க உனக்கு மட்டுந்தான்."

அவன் அழுதான். பார்க்கச் சகிக்கவில்லை. "பயமா கீது" என்றான். "தெரியும்பா. டாக்டர் அதுக்குத்தான் இருக்காரு. தூக்கம் வரும், பயம் கொறையும்" என்றார் அக்கா. மறுநாள் அவன் வந்தான். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, அக்கா பக்கம் திரும்பாமலே டாக்டர் அறைக்குள் போனான்.

மாத்திரை வேலை செய்தது. இப்போது திரும்பவும் செல்போன் கடைக்குப் போகிறான். மாதாமாதம் டாக்டரைப் பார்த்துவிட்டு என்னிடம் மாத்திரை வாங்குகிறான். ஆனால் ஒருமுறை வராந்தாவில் அக்காவைப் பார்த்ததும் மாத்திரை வாங்காமலே திரும்பிப் போய்விட்டான். அவங்க இருந்தா நான் வரல என்று அன்னம்மாளிடம் சொன்னானாம். ஊர்க்காரி என்று நம்பினேன், அவங்களும் என்னைத் தனியா விட்டுட்டாங்க என்று கோபம். அந்தக் கோபத்தைத் தீர்க்க எங்களிடம் மாத்திரை இல்லை.

அதற்குப் பிறகு கிஷோர் வருகிற நாளில் அக்கா வெளியே போய்விடுவார். தெருமுனை டீக்கடையில் நிற்பார். அவன் போனதும் நான் போன் செய்வேன்.

"வந்துட்டு போயிட்டான்கா."

"நல்லா இருக்கானா?"

"நல்லா இருக்கான். தூங்கறானாம்."

"சத்தம்?"

"இப்போ கேக்கறதே இல்லயாம்."

"போதும், போதும்" என்பார். வைத்துவிடுவார் என்று நினைப்பேன். வைக்க மாட்டார். பின்னால் டீ ஆற்றுகிற சத்தம் கேட்கும்.

"ஊரப் பத்தி ஏதாச்சும் பேசினானா மகா?"

ஆமாம் என்று சொல்லிவிடத்தான் எனக்கு ஆசை. ஆனால் அன்று கிஷோரிடம் பொய் சொல்லாதவரிடம் அதைச் சொல்ல வாய் வராது. "இல்லக்கா" என்பேன்.