மேலுக்கு அடிச்சாப் போதும்

"முதல்ல கழுத்தக் காட்டு. பொறவு இட்லி."

மலையுச்சிக் கோட்டையிலிருந்து நாக்குத் தள்ள இறங்கி வருகிறவர்களை ஷீலாக்கா வரவேற்பது இப்படித்தான். ஒரு கையில் கரண்டி, மறு கையில் புருவம் திருத்துகிற குட்டி இடுக்கி, மூக்கு நுனியில் கண்ணாடி. காலரை மடிப்பார், காதுக்குப் பின்னால் முடியை ஒதுக்குவார், உண்ணி எதுவும் ஒட்டியிருக்கவில்லை என்று திருப்திப்பட்ட பிறகுதான் தட்டில் இட்லி விழும். ஆபீசில் ஒரு மாடி முழுக்க ஆட்களை மேய்க்கிற மேனேஜராக இருந்தாலும், அவர் முன்னால் தலையைக் குனிந்துகொண்டுதான் நிற்க வேண்டும்.

நான் முதல்முறை போனபோது என் காதுக்குக் கீழே இருந்து மிளகு மாதிரி ஒன்றை இழுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். மிளகுக்குக் கால் இருந்தது. அத்தனை காலையும் ஆட்டியது. நான் போட்ட கூச்சலில் சாம்பார் வாளிக்குப் பக்கத்தில் நின்றவர் தட்டைக் கீழே போட்டுவிட்டார். ஷீலாக்காவுக்கு ஒன்றுமே ஆகவில்லை. "எதுக்குட்டி இப்படிக் கத்துத? ஒரு சொட்டு ரத்தம் குடிச்சிருக்கு. உன் சொத்தையா எழுதி வாங்கிட்டு?" என்று அதைத் தணலில் தட்டிவிட்டு, இட்லியின் மேல் சாம்பாரை ஊற்றினார். அன்றைக்கு என்னால் சாப்பிட முடியவில்லை.

ஷீலாக்கா இந்த மராத்தி ஊரின் தாபோடிப் பகுதிக்காரர். அப்பா அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து இங்கே தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். இவர் பிறந்தது, படித்தது, கல்யாணம் கட்டியது எல்லாம் இங்கேதான். காய்கறிக்காரரிடம் மராத்தியில் இறங்கினார் என்றால் அந்த மனுஷன் கொசுறுக் கொத்தமல்லியைத் தானாகவே போட்டுவிடுவார். ஆனால் தமிழ் மட்டும் அப்பா கொண்டு வந்த அதே திருநெல்வேலித் தமிழ். அதன் நடுவே இந்தி தாராளமாக வந்து உட்காரும். "ஜல்தி வாங்கல, டப்பா காலியாவப் போவுது" என்பார். சேலைக்கு உள்ளே டிராக் பேண்ட், காலில் இறந்துபோன கணவருடைய ஷூ. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தமிழ்க் கூட்டம் மலையேறப் போகும்போதெல்லாம் அதே டெம்போவில் அடுப்போடும் அண்டாவோடும் அவரும் வருவார்.

வீட்டில் அவரும் பட்டுவும்தான். பட்டு ஒரு செம்பட்டைப் பூனை. ஷீலாக்கா வெங்காயம் நறுக்கினாலும் மாவு கரைத்தாலும் அது இடது தோளில் உட்கார்ந்து மேற்பார்வை பார்க்கும். மகள் ஊரின் மறுகோடியில் லோஹேகாவில் இருக்கிறாள், பேரப்பிள்ளைகள் எதைக் கேட்டாலும் இந்தியில் பதில் சொல்லும். அதனால் அவருடைய தமிழெல்லாம் பட்டுவுக்குத்தான். "அதுக்குத் தமிழத் தவிர வேற பாஷ தெரியாதுட்டி" என்று பெருமையடிப்பார். பொய்யில்லை. பக்கத்து வீட்டு அம்மா மராத்தியில் எவ்வளவு கொஞ்சினாலும் அது திரும்பிக்கூடப் பார்க்காது. ஷீலாக்கா வாய்க்குள் "பட்டு" என்றால் போதும், எங்கிருந்தாலும் ஓடி வந்து தோளுக்கு ஏறிவிடும்.

இந்த மழைக்காலம் முடிந்தபோது மலையில் புல் இடுப்பளவு நின்றது. உண்ணி கடித்து எங்களில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியதாகிவிட்டது. எங்கள் கூட்டத்துக்குத் தலைவன் ஹரீஷ், சென்னைப் பையன், ஏற்கெனவே பயந்தாங்கொள்ளி. உண்ணிக்கு ஆகாத பூச்சிமருந்து ஒன்றைப் பெரிய கேனில் வாங்கிவிட்டான். வெளியே போட்டுப்போகும் சட்டை, பேண்ட், சாக்ஸ், ஷூ எல்லாவற்றிலும் முந்தின நாள் அடித்து, கொடியில் காயப்போட்டு, நன்றாகக் காய்ந்த பிறகு போட்டுக்கொள்ள வேண்டும். உடம்பில் படக்கூடாது. ஈரம் காயும்வரை பூனைகள் பக்கத்தில் வரக்கூடாது. இத்தனையும் வாட்ஸ்அப் குழுவில் நீட்டி முழக்கி எழுதினான், ஆங்கிலத்தில். ஷீலாக்கா அந்தக் குழுவில் குரல் பதிவு மட்டும்தான் கேட்பார்.

அதனால் அவருக்குக் கையிலேயே கொடுத்துவிட்டான். கண்ணாடி துடைக்கிற ஸ்ப்ரே பாட்டில் ஒன்றில் மருந்தை ஊற்றி, தாபோடியில் அவர் டெம்போவை விட்டு இறங்கும்போது நீட்டினான். "அக்கா, சனிக்கிழமையே அடிச்சுக் காய விட்டுடுங்க. ரொம்ப நனைக்க வேணாம். சும்மா மேலுக்கு அடிச்சாப் போதும்." பக்கத்தில் இருந்த என் காதிலும் அது சாதாரணமாகத்தான் விழுந்தது. "அச்சா தம்பி" என்று பாட்டிலை முந்தானையில் சுருட்டிக்கொண்டு போனார்.

சனிக்கிழமை மத்தியானம் வெங்காயம் உரிக்கக் கூடமாட இருக்கலாமே என்று அவர் வீட்டுக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. ஷீலாக்கா ஃபேனுக்கு நேர் கீழே, இரண்டு கையையும் இறக்கை மாதிரி விரித்துக்கொண்டு நின்றார்.

"வாட்டி ப்ரீத்தி. காயுதேன்."

"என்னக்கா காயுறீங்க?"

"ஹரீஷ் தம்பி குடுத்த மருந்துதான். காலைல ஒருக்க, இப்ப ஒருக்க. கையி, காலு, கழுத்து எல்லாத்துக்கும் அடிச்சாச்சு. மூஞ்சிதான் கொஞ்சம் குறுகுறுங்குது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயோ அக்கா! அது துணிக்கு அடிக்கிற மருந்து!"

"துணிக்கா? மேலுக்கு அடிச்சாப் போதும்னுல்லா சொன்னான்?"

பிறகுதான் எனக்கு உறைத்தது. சென்னைக்காரன் வாயில் மேலுக்கு என்றால் லேசாக, பட்டும் படாமல். திருநெல்வேலிக்காரர் காதில் மேல் என்றால் உடம்பு. எங்கள் மதுரையிலும் அப்படித்தான், மேலுக்குச் சரியில்லை என்று சொல்லித்தான் நாங்கள் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டோம். அந்தப் பாவி துணி என்ற வார்த்தையைச் சொல்லவே இல்லை. இவரும் கேட்கவில்லை. சொன்னால் வெட்கம், எனக்குச் சிரிப்புகூட வந்துவிட்டது. "போய் முதல்ல சோப்பு போட்டுக் குளிங்கக்கா" என்று துண்டை எடுத்துக் கொடுத்தேன்.

குளியலறை வரை போனவர் நின்றார். "அப்போ பட்டுக்கு?"

"பட்டுக்கு என்ன?"

"அதுக்கும் மேலு இருக்குல்லாட்டி. அதுட்டதான உண்ணி ஜாஸ்தி? காலைலயே நல்லா நனைய நனைய அடிச்சு விட்டேன்."

பட்டு எங்கே என்று சுற்றிலும் தேடினேன். கட்டிலுக்கு அடியில் பழைய போர்வை ஒன்று கிடந்தது. அது வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தது. "குளிருது போலன்னு போத்தி விட்டேன்" என்றார் ஷீலாக்கா. போர்வையை விலக்கினேன். பட்டுவின் காது துடித்தது, தாடை துடித்தது, நான்கு காலும் வெட்டி வெட்டி இழுத்தன. வாயோரம் நுரை. கண் திறந்திருந்தும் எங்களைப் பார்க்கவில்லை.

ஹரீஷுக்குப் போன் போட்டேன், ஸ்பீக்கரில் போட்டதுதான் தப்பு. "பூனைக்கா அடிச்சாங்க? ஐயையோ, பூனைக்கு அது விஷம்!" என்று அவன் அலறினான். ஷீலாக்கா என் முகத்தையே பார்த்தார்.

"மருந்துதானட்டி? மருந்துன்னா நல்லதுக்குத்தான?"

அவனை வைக்கச் சொல்லிவிட்டு அடுத்த போன் போட்டேன். பக்கத்துக் கட்கியில் இருக்கும் மிருக டாக்டர் உடனே எடுத்துவிட்டார். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு போட்டு உடனே கழுவுங்கள், ஈரத்தைத் துடைத்துத் துணியில் சுற்றிக் கொண்டு வாருங்கள் என்றார். ஷீலாக்கா கழுவினார். தண்ணீரைக் கண்டால் கையைப் பிறாண்டிவிட்டு ஓடுகிற பட்டு, துணி மாதிரி அவர் கையில் தொங்கியது. "பிறாண்டுட்டி, என்னைய நல்லா பிறாண்டு" என்று சொல்லிச் சொல்லித் தேய்த்தார். பட்டுவை வாங்கித் துடைத்துத் துணியில் சுற்றி வைத்தேன். அவரையும் இழுத்துப் பிடித்து ஒரு வாளித் தண்ணீரில் அவசரமாகக் குளிக்க வைத்து, ஈரத் தலையோடு ஆட்டோவில் ஏற்றினேன்.

டாக்டர் இளம்பெண், மராத்திக்காரர். பூனையைப் பார்த்ததுமே, யார் எதைத் தடவியது என்று இந்தியில் கேட்டார். நான் விளக்க வாயெடுப்பதற்குள் ஷீலாக்கா நெஞ்சில் பொத்தென்று அடித்துக்கொண்டு, "மைனே. மைனே ஹீ லகாயா" என்றார். நான்தான், நானேதான் தடவினேன் என்று. டாக்டர் அதற்குமேல் கேட்கவில்லை. ஊசி போட்டார், குளுக்கோஸ் ஏற்றினார், பிழைக்குமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார்.

ஹரீஷ் மூச்சு வாங்க வந்து சேர்ந்தான். முகம் செத்துப்போயிருந்தது. "அக்கா, நான் லேசான்னு சொல்லியிருக்கணும், துணின்னு சொல்லியிருக்கணும்" என்று கையைப் பிடித்தான். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எங்களுக்கு நன்றாக இருந்திருக்கும். "உங்க ஊர்ல உடம்புக்கு மேலுன்னு பேரில்லையா தம்பி?" என்று மட்டும் கேட்டார், நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போல. அவன் இல்லை என்று தலையாட்டிவிட்டு, தலையை நிமிர்த்தவே இல்லை.

அந்த ஞாயிறு நாங்கள் யாரும் மலைக்குப் போகவில்லை. அரைத்து வைத்த மாவு அண்டாவில் பொங்கி வழிந்தது. ஷீலாக்கா ஆஸ்பத்திரி வாசல் படியிலேயே உட்கார்ந்திருந்தார். நடுநடுவே எழுந்து அங்கிருந்த குழாயில் சோப்பு போட்டு முழங்கை வரை கழுவுவார், விரலை மோந்து பார்ப்பார், மறுபடியும் கழுவுவார். "வாசம் போவலட்டி" என்று என் முகத்துக்கு நேரே கையை நீட்டினார். மோந்து பார்த்தேன். சோப்பு வாசனை மட்டும்தான் இருந்தது. சொன்னேன், அவர் நம்பவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் டாக்டர் எங்களை உள்ளே கூப்பிட்டார். நடுக்கம் நின்றுவிட்டது, பால் நக்கியது, ஆனால் யார் அழைத்தாலும் தலையைத் தூக்கமாட்டேன் என்கிறது, மூளைக்கு ஏதும் ஆகியிருக்குமோ என்று பயமாக இருக்கிறது என்றார். கூண்டைத் திறந்து மராத்தியில் "யே, யே", வா வா என்று கொஞ்சினார். பட்டு சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தது. ஷீலாக்கா கதவோரமே நின்றுவிட்டார், கிட்டே வரவில்லை.

"அக்கா, நீங்க கூப்பிடுங்க" என்றேன்.

அவர் தொண்டையைச் செருமினார். கூப்பிட்டது எனக்கே அரைகுறையாகத்தான் கேட்டது: "பட்டு."

காது திரும்பியது. பிறகு தலை. பட்டு தள்ளாடி எழுந்து, கூண்டிலிருந்து தொப்பென்று தரையில் இறங்கி, கோணல்மாணலாக நடந்து வந்து, அவருடைய சேலையில் முன்னங்கால் இரண்டையும் ஊன்றி அண்ணாந்து பார்த்துக் கத்தியது. தூக்கிவிடு என்கிறது. டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "தூக்குங்கக்கா" என்றேன் நான்.

ஷீலாக்கா தரையோடு தரையாகக் குந்தி உட்கார்ந்து, அது ஏறிக்கொள்ள வாகாக இடது தோளைத் தாழ்த்திக் கொடுத்தார். கைகள் இரண்டையும் முந்தானைக்குள் சுருட்டி, முதுகுக்குப் பின்னால் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.