ஐம்பது வயதில் ஸ்கீ ஜம்பிங் பழகக் கேட்டேன்

பனிச்சரிவில் சறுக்கி வந்து வானத்தில் பாய்கிற விளையாட்டுத்தான் ஸ்கீ ஜம்பிங். வேலை செய்யும் வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்ததிலிருந்து மனம் கேட்கவில்லை.

இன்று பலேர்மோ நகரத்துப் பல்லரோ சந்தையில் நின்றபடியே, இத்தாலியின் வடக்கே அதைப் பழக்கும் ஒரு பள்ளிக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"புதிதாகப் பழகுபவர்களைச் சேர்ப்பீர்களா?"

"சேர்ப்போம். பிள்ளைக்கு என்ன வயது?"

"பிள்ளைக்கு இல்லை, எனக்கு. ஐம்பது."

அந்த மனிதர் சிரிக்கவில்லை. "முன்பு எங்கிருந்தாவது குதித்திருக்கிறீர்களா, சின்யோரா?" என்று மரியாதையாகவே கேட்டார்.

எனக்கு மன்னார் இறங்குதுறை நினைவுக்கு வந்தது. ஞாயிறு பூசை முடிந்ததும் நானும் தங்கை ரெஜினாவும் அங்கிருந்து கடலுக்குள் குதிப்போம், பூசைக்குப் போட்ட சட்டையோடு. காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லாத அந்த ஒரு நொடிக்காக எத்தனை அடி வாங்கியிருப்போம்.

"கடலுக்குள் குதித்திருக்கிறேன்" என்றேன்.

"நல்லது. முதலில் சின்ன மேட்டில்தான் விடுவோம், பயப்படாதீர்கள்."

உடனே நோர்வேயில் இருக்கும் ரெஜினாவுக்கும் தொலைபேசி எடுத்துச் சொன்னேன்.

"அக்கா, உங்களுக்கு விசரே?" என்றாள். பிறகு, "தனியப் போகாதேங்கோ. நானும் வாறன்" என்றாள்.

பள்ளியில் இருவருக்கும் இடம் சொல்லிவைத்துவிட்டேன்.

பலேர்மோவில் யாரிடமாவது பனிக்குளிர் தாங்கும் சட்டை இருந்தால் சொல்லுங்கள். என்னுடையது இங்கத்தைய கடற்காற்றுக்கே காணாது.