என்ஜினை ஆஃப் பண்ணுங்கண்ணே

காலை ஐந்தரை மணிக்கு எங்கள் தாம்பரம் ஷெட்டுக்குள் நுழைந்தாலே கண் எரியும். ஆறு பஸ்களும் நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டு புகை கக்கும்...

எண்பதுகளின் கடைசி. ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்துவிட்டு, ஏர்போர்ட் ஊழியர்களை மீனம்பாக்கம் கொண்டுபோய் விடும் கான்ட்ராக்ட் பஸ் கம்பெனி ஒன்றில் டிரெய்னியாகச் சேர்ந்திருந்தேன். ஷெட்டில் நான் ஒருத்திதான் பெண்.

மேனேஜர் முதல் நாளே சொல்லிவிட்டார். "மூணு மாசத்துல டீசல் செலவு குறையணும்மா. இல்லன்னா டைப்பிங் சீட்டுக்கு மாத்திடுவேன்."

எனக்கு ஸ்பேனர்தான் வேண்டும்.

ஷிப்ட் விடும்வரை ஏர்போர்ட் வாசலில் முக்கால் மணி நேரம் காத்திருக்கும்போதும் என்ஜின் ஓடும். டிரைவர் தனசேகர் அண்ணனிடம் ஆஃப் பண்ணச் சொன்னேன்.

"இன்னா மேடம், பேஜார் பண்றீங்க... ஆஃப் பண்ணா அப்பால கெளம்பாது. நீங்களா வந்து தள்ளுவீங்க?"

"தள்றேண்ணே. ஆஃப் பண்ணுங்க."

வீம்புதான்!

பண்ணினார். கிளம்பவில்லை. டியூட்டி முடிந்து ஏறியவர்கள் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்க்க, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னால் போய்த் தள்ளினேன். பஸ் அசையக்கூட இல்லை. அப்புறம்தான் பத்துப் பேர் சிரித்துக்கொண்டே இறங்கி வந்து கை கொடுத்தார்கள்.

மறுநாள் பேட்டரியைத் திறந்து பார்த்தேன். மூடியெல்லாம் வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது.

"இதுல என்ன தண்ணிண்ணே ஊத்துறீங்க?"

"போர் தண்ணிதான்... டிஸ்டில்டு வாட்டரு யாரு வாங்கித் தரா?"

குளிக்கவே லாயக்கில்லாத எங்கள் ஊர் உப்புத் தண்ணீர்! பேட்டரி சாகாமல் என்ன செய்யும்? டிரைவர்கள் மேல் தப்பே இல்லை. மேனேஜரிடம் சண்டை போட்டு, ஒவ்வொரு பஸ்ஸாகப் பேட்டரியை மாற்ற வைத்தேன். போர் தண்ணீர்க் குடத்தை அந்தப் பக்கமே அண்டவிடவில்லை. அதன் பிறகு டிரைவர்கள் பயமில்லாமல் என்ஜினை ஆஃப் பண்ணினார்கள்.

மூன்றாம் மாதக் கடைசியில் மேனேஜர் கூப்பிட்டார். டீசல் நன்றாகவே குறைந்திருந்தது. ஆனாலும் இழுத்தார்... "பொம்பளப் புள்ளைக்கு ஷெட் எதுக்கும்மா?"

வாசலில் நின்றிருந்த தனசேகர் அண்ணன் கூப்பிடாமலே உள்ளே வந்தார்.

"சார், அந்தப் பொண்ணு ஷெட்லயே இருக்கட்டும். வண்டி இப்ப ஒரே செல்ஃப்ல கெளம்புது."

மேனேஜர் டைப்பிங் சீட்டுப் பேச்சை விட்டுவிட்டார். ரிட்டையர் ஆகும்வரை நான் ஷெட்டில்தான் இருந்தேன்.

இன்று எங்கள் பஸ்கள் ஓடிய அதே ஜி.எஸ்.டி. ரோட்டில் பேட்டரியிலேயே பஸ் ஓடுகிறது. பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது... ஆனால் ஏர்போர்ட் வாசலில் ஏசிக்காக ஓடிக்கொண்டே நிற்கும் கார்களைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வருகிறது. அன்று ஆஃப் பண்ணப் பயம் இருந்தது. இன்று அந்தப் பயமும் இல்லை, மனசும் இல்லை.

போய்க் கண்ணாடியைத் தட்டுவேன். முறைப்பார்கள்.

முறைக்கட்டும்... ஆஃப் பண்ணும்வரை நான் நகர்வதில்லை.