அம்மாவைக் கௌரவித்தார்கள்

திருவனந்தபுரத்தில் எங்களைத் தெரிந்தவர்களுக்கு அம்மா பாட்டு டீச்சர். அதற்கு மேல் யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஆரியசாலையில் மிளகாயும் மல்லியும் புளியும் மூட்டை மூட்டையாக இறங்கும் கடைகளுக்குப் பின்னால், ஒரு சந்தில் குடியிருந்தோம். வாசல் தெளிக்கும்போதே தும்மல் வரும். வியாபாரிகள் வீடுகளுக்கும், கோட்டைக்குள் அக்கிரகாரத்துச் சில வீடுகளுக்கும் போய், பெண் பிள்ளைகளுக்கு அம்மா பாட்டுச் சொல்லிக் கொடுத்தாள். அதில்தான் சாப்பிட்டோம். அதில்தான் நான் டிரெயினிங் ஸ்கூல் வரை படித்தேன். படித்து முடித்து, எந்தப் பள்ளிக்கூடத்திலாவது வேலை கிடைக்காதா என்று காத்திருந்தேன்.

அம்மா முன்பு நாடக நடிகை. சிறு வயதிலேயே திருநெல்வேலிப் பக்கத்துக் கம்பெனி ஒன்றில் சேர்ந்தவள். அதே கம்பெனியில் ஆர்மோனியம் வாசித்த அப்பாவைக் கல்யாணம் செய்துகொண்டாள். ஊர் ஊராகப் போன கம்பெனி திருவனந்தபுரம் வந்த இடத்தில் கலைந்தது. அப்பா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். கைக்குழந்தையாக இருந்த என்னோடு இங்கேயே தங்கிய அம்மா, நாடகத்தைப் பற்றி வெளியில் மூச்சு விட்டதில்லை. நாடகக்காரி என்று தெரிந்தால் எந்த வீட்டில் கூடத்தில் உட்கார வைத்துப் பாட்டுக் கேட்பார்கள்?

அது தெரிந்தவர் ஒருவர் இருந்தார். எங்கள் தெருவில் மிளகாய் மண்டி வைத்திருந்த நாஞ்சில் நாட்டுக்காரர். தமிழ் நாடகம் என்றால் அவருக்கு உயிர். கணக்கப்பிள்ளைகளும் ஆபீஸ் குமாஸ்தாக்களும் சேர்ந்து நடத்திய எங்கள் பகுதி நாடக சபைக்கு அவருடைய கிடங்குதான் மேடை. நாடகம் வந்தால் மூட்டைகளை ஓரமாக அடுக்கச் சொல்லி இடத்தைக் காலி செய்து கொடுப்பார். நடிகர்கள் அழும் காட்சியில் நிஜமாகவே கண்ணீர் வரும். மிளகாய் நெடி அப்படி. இளவயதில் நாகர்கோவில் கொட்டகையில் அம்மாவின் நாடகத்தைப் பார்த்திருந்ததால், சந்துக்குள் அவளை முதன்முதலில் கண்டபோதே அடையாளம் தெரிந்துகொண்டார். வெளியே சொல்லவில்லை. சபை நடிகர்களுக்குப் பாட்டுப் பழக்க அம்மாவை அழைத்தார். ஊர் தப்பாகப் பேசக்கூடாது என்று, ஒத்திகை நேரம் முழுக்கத் தம் மனைவியை அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். பெண் வேஷம் போட்ட ஆண்கள் பாடிய பாட்டெல்லாம் அம்மா பழக்கியது. திரைக்கு முன்னால் அவள் வந்ததே இல்லை.

சபையின் ஆண்டு விழாவில், இந்த ஊரில் கலைக்காக உழைத்தவர்களைக் கௌரவிக்க வேண்டும் என்று தீர்மானித்தார்கள். திரைச்சீலை எழுதும் ஓவியர், கிடங்கு கொடுத்த மண்டிக்காரர், பாட்டுப் பழக்கிய அம்மா. இதைச் சொல்ல அவரே வீட்டுக்கு வந்தார்.

"எனக்கு எதுக்கு மேடை? எறங்கி வந்து எத்தன காலமாச்சு" என்றாள் அம்மா.

"நீங்க வரல்லேன்னா எனக்கும் அந்தப் பொன்னாடை வேண்டாம் பாத்துக்கிடுங்க. நீங்க இல்லாம இந்த சபை ஏது?"

மறுநாள் அம்மா பெட்டியைத் திறந்து அரக்குப் பட்டுப்புடவையை எடுத்து வெயிலில் போட்டாள். அதை அவள் உடுத்தி நான் பார்த்ததில்லை.

விழாவுக்குத் தெருவே வந்திருந்தது. அக்கிரகாரத்திலிருந்தும் குடும்பத்தோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் டீச்சருக்கு மரியாதை செய்கிறார்கள் என்ற பெருமையில் வந்தவர்கள். விழாத் தலைவர் அம்மாவுக்கு மாலை போட்டு, "நம்முடைய பாட்டு டீச்சர்" என்று இரண்டு வார்த்தை சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். அதோடு முடிந்திருக்கலாம்.

கடைசியாக மண்டிக்காரருக்குப் பொன்னாடை போர்த்தி, பேசச் சொன்னார்கள். மனிதர் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார்.

"நான் என்ன செஞ்சேன்? கிடங்கு சாவியத் தந்தேன், அம்புட்டுத்தான். இந்தா இருக்காங்களே இந்த அம்மா, இவங்க யாருன்னு உங்களுக்குத் தெரியாது. நாகர்கோவில் கொட்டகையில இவங்க சீதையா வந்து நின்னா, ஊசி விழுந்தா கேக்கும். ராசாத்தி மாதிரி இருந்தவங்க. எவ்வளவு பெரிய நடிகைய நாம சந்துக்குள்ள வச்சிருக்கோம்னு நெனச்சா எனக்கு வெக்கமா இருக்கு."

நான் அம்மாவைப் பார்த்தேன். முதலில் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் ஒவ்வொரு வேஷமாகச் சொல்லச் சொல்ல, மெல்ல நிமிர்ந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன் நான் கண்டதில்லை. அவள் நடித்ததைப் பார்த்த ஒருவர், அதை நாலு பேர் முன்னால் வாய் திறந்து சொல்கிறார். கூட்டம் கைதட்டியது. முன்வரிசையில் கைதட்டல் இல்லை என்பதை நான் கவனித்தேன். அவள் கவனிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து, அடுப்பு மூட்டும்போது அம்மா நாடகப் பாட்டு ஒன்றைப் பாடினாள். கதவு திறந்துதான் இருந்தது. நான் சாத்தப் போனேன். "இருக்கட்டும்டி" என்றாள்.

அந்த வாரமே தொடங்கியது. அக்கிரகாரத்து வீடு ஒன்றுக்கு நானும் துணைக்குப் போயிருந்தேன். வாசலிலேயே அந்த வீட்டு மாமி நின்றுகொண்டாள். அவளுடைய பெண் உள்ளே ஜன்னல் பக்கம் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"கொழந்தைக்குப் பரீட்சை வரதோல்லியோ டீச்சரே. ஆத்துக்காரர் பாட்டு இப்போ வேண்டாம்னுட்டார். ஒண்ணும் தப்பா விசாரிக்கண்டா, கேட்டேளா?"

"சாரமில்ல, பரவாயில்ல" என்றாள் அம்மா. "பரீட்சை முடிஞ்சதும் சொல்லி அனுப்புங்க."

மாமி கதவைச் சாத்தினாள். அடுத்த வீட்டில் பெண்ணுக்குத் தொண்டைக்கட்டு. இன்னொரு வீட்டில், ஊரிலிருந்து மாமியார் வந்திருக்கிறாராம். வியாபாரிகள் வீடுகளில் காரணம்கூடச் சொல்லவில்லை. அம்மா தெருவில் வருவது தெரிந்தால் உள்ளே போய்விட்டார்கள். ஒரு வீட்டில் மட்டும் நேராகவே கேட்டார்கள்: "நாடகக்காரின்னு மொதல்லயே சொல்லியிருக்கலாமே?"

அம்மா அதற்கும் கோபப்படவில்லை. வழக்கமான நேரத்தில் புடவை மாற்றிக்கொண்டு, போவதற்கு வீடு இல்லாமல் உட்கார்ந்திருப்பாள். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

விஷயம் தெரிந்து மண்டிக்காரர் ஓடி வந்தார். வீடு வீடாகப் போய் அவர் பேசிப் பார்த்திருக்கிறார். அவர் ஏன் இவளுக்காக இத்தனை தூரம் பேசுகிறார் என்று அதற்கும் ஒரு பேச்சுக் கிளம்பிவிட்டது. எங்கள் வாசல்படியைத் தாண்டாமல் நின்றார்.

"நான் வாய மூடிட்டு இருந்திருக்கணும் அம்மா. பெருமையாச் சொன்னேன். இப்படி ஆகும்னு நெனைக்கல்ல."

"நீங்க சொன்னதுல பொய் ஒண்ணும் இல்லியே" என்றாள் அம்மா. "எனக்குக் கேக்க நல்லாத்தான் இருந்துது."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். அதன் பிறகு அவருடைய மனைவி எங்கள் பக்கம் வருவதை நிறுத்திவிட்டாள்.

நாகர்கோவிலைச் சேர்ந்த தென் தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர்வது உறுதியானபோது, மண்டிக்காரர் வியாபாரத்தை நாகர்கோவிலுக்கு மாற்றினார். கிடங்கை வாங்கியவர் சாக்குக் கட்டுகளை அடைத்து வைத்தார். சபைக்கு இடமில்லாமல் போயிற்று. புறப்படும் முன், நீங்களும் நாகர்கோவிலுக்கு வந்துவிடுங்கள், அங்கே பாட்டுக்குப் பிள்ளைகள் கிடைப்பார்கள் என்று ஆள் அனுப்பிச் சொன்னார்.

"அங்கயா?" என்று அம்மா சிரித்தாள். "இங்க அவரு சொல்லித்தான் தெரிஞ்சுது. அங்க என்னக் கண்ணால பாத்தவங்களே இருக்காங்கடி."

போக்கிடம் இல்லாமல் இருந்த நேரத்தில் எனக்கு வேலை வந்தது. பொன்முடி அடிவாரத்தில், கல்லாற்றுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். எஸ்டேட் கூலிக்காரர்களின் லயங்களிலிருந்து வரும் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல ஆள் வேண்டுமாம். எங்களை யாருக்கும் தெரியாத இடம். அம்மா மறுபடி பாடுவாள் என்று நம்பித்தான் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே பொழுது முழுவதும் ஆற்றுச் சத்தம்தான். அம்மா சமைத்தாள், துவைத்தாள், சுள்ளி பொறுக்கினாள். முணுமுணுக்கக்கூட இல்லை.

பள்ளி ஆண்டு விழா வந்தது. பிள்ளைகளுக்கு ஒரு பாட்டுப் பழக்க யாராவது இருக்கிறார்களா என்று ஹெட்மாஸ்டர் மலையாளத்தில் கேட்டார். நான் அம்மாவிடம் வந்து சொன்னேன். குரல் போய்விடவில்லையே, கேட்க நம்மைத் தெரிந்தவர்கள் யாரும் வரப்போவதில்லையே என்று கெஞ்சினேன்.

"எனக்குப் பாட்டுத் தெரியாதுன்னு சொல்லிடுடி" என்றாள்.

கடைசியில் நானே பழக்கினேன். எனக்குக் குரல் இல்லை. சாயங்காலம் எங்கள் வீட்டு முற்றத்தில் பிள்ளைகளை நிற்க வைத்துப் பாடிக் காட்டினேன். பின்பக்கம் அம்மா அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தாள். ஓரிடத்தில் சுருதி பிசகி, எனக்கே கேட்கச் சகிக்காமல் போனபோது, அம்மிச் சத்தம் நின்றது. அவள் எழுந்து வருவாள் என்று அந்த வரியையே மறுபடி தப்பாகப் பாடினேன். பிள்ளைகளும் என்னோடு தப்பாகவே பாடின. சற்று நேரத்தில் அவள் மறுபடி அரைக்கத் தொடங்கினாள்.