புளி போட்டுத் தேய்த்த சீனக் காசுகள்

என் மாமனார் நாற்பது வருடமாகச் சேர்த்த, நடுவில் சதுர ஓட்டையுள்ள பழைய சீனப் பித்தளைக் காசுகளில் ஒன்றை என் மூன்று வயது மகள் வாயில் வைத்துவிட்டாள். அதிலிருந்த பச்சைக் களிம்பைப் பார்த்துப் பயந்துபோனேன். அவர் மயிலாப்பூர் குளத்துப் பக்கம் நடக்கப் போயிருந்த நேரத்தில், எல்லாக் காசுகளையும் குத்துவிளக்கைப் போலப் புளி போட்டுப் பளபளவென்று தேய்த்துவைத்தேன்.

திரும்பி வந்தவர் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். “அந்தப் பழைய நிறத்தை வெச்சுத்தாம்மா எது அசல், எது போலின்னு பிரிப்பேன். இப்ப எல்லாம் ஒண்ணாத்தான் தெரியுது.”

“மன்னிச்சிடுங்க மாமா. குழந்தைக்கு விஷமாயிடுமோன்னு...”

“சொல்லியிருந்தா நானே உயரத்துல எடுத்து வெச்சிருப்பேனே” என்றார். திட்டவே இல்லை.

இப்போது யார் பொருளையும் கேட்காமல் தொடுவதில்லை. மகள் தினமும், “தாத்தா, ஓட்டைக் காசு காட்டு” என்கிறாள். அன்று காசுகளைப் போட்டு மூடிய பெட்டியை அவர் இன்னும் திறக்கவில்லை.