அக்காவின் பேருந்தில் மாட்டிய பலகை

அக்கா பிறந்த செய்தி அப்பாவுக்கு மலைமேல் இருக்கும் ஓர் ஊரில் கிடைத்தது. அவர் ஓட்டிய பேருந்தின் கடைசி நிறுத்தம் அது. அந்த ஊரின் பெயரையே அவளுக்கு வைத்துவிட்டார். "உன் ஊருக்கு டிக்கெட் எவ்வளவு?" என்று கேட்டே பள்ளியில் அவளை ஒரு வழி பண்ணினார்கள்.

அக்காவும் ஓட்டுநரானாள். ஆறு வருடம் நகரத்துக்குள் ஓட்டிவிட்டு, அதே மலைப் பாதையைக் கேட்டு வாங்கினாள். அப்பாவுக்கு அது பிடிக்கவே இல்லை.

"பேரு வச்சது என் தப்புதான். அதுக்காக அந்த வளைவுல போய் ஓட்டணுமா?"

"ஒரு தடவை வந்து உக்காந்து பாருங்கப்பா. பயமா இருந்தா நானே மாத்திக்கிறேன்."

முதல் நாள் ஊர்ப் பலகையை அவளே மாட்டினாள். அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்து, "என் பொண்ணு பேர்ல இருக்கற ஊருக்கு ரெண்டு" என்று நடத்துநரிடம் டிக்கெட் வாங்கினார்.

மொத்தம் பன்னிரண்டு வளைவுகள். முதல் வளைவில் அப்பாவின் வலது கால் தரையை அழுத்திப் பிரேக் போட்டது. அடுத்த நான்கிலும் போட்டது. ஆறாவதில் கால் அசையவே இல்லை. என்னவென்று பார்த்தால், தூங்கிப்போயிருந்தார்.

கடைசி நிறுத்தத்தில் அக்கா வந்து எழுப்பினாள். "அப்பா, இறங்குங்க. ஊர் வந்துடுச்சு."

கண்ணைக் கசக்கிக்கொண்டே, "நாளைக்கும் உனக்கு இதே வண்டிதானே?" என்றார்.