மூன்றாவது வண்டியில் ஷம்ஸியா

பத்தாம் வகுப்பில் பள்ளியிலேயே முதல் மதிப்பெண். வாப்பா மவுத்தான அதே வருஷம் கல்லூரியில் இடம். ‘பொம்பளப்பிள்ளைக்குக் கேமரா எதுக்கு?’ என்று கேட்ட மாமாக்கள் நான்கு பேரின் சம்மதம், ஒவ்வொருவராக, ஒன்றரை வருஷத்தில். சென்னையில் செய்தி சேனல் வேலை. முக்காட்டோடுதான் திரையில் நிற்பேன் என்ற பிடிவாதத்தில் ஜெயம். கடைசியாக, பதினோரு ஆண்கள் கேட்டும் கிடைக்காத பயணம்: ஆப்பிரிக்காவில் சண்டை நடந்த ஊருக்குள் நுழையும் அமைதிப்படையோடு. மேலப்பாளையத்து ஷம்ஸியா வென்றவை இவை. எதுவும் சும்மா கிடைக்கவில்லை.

காக்கா என்று அவள் கூப்பிடும் அண்ணன் தாவூதுக்கு எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. நெல்லை வண்ணார்பேட்டையில் தையல் கடை. பயணத்துக்கு நான்கு பை வைத்த காக்கி நீளச்சட்டையை அவனே தைத்துக் கொடுத்தான்.

“அங்கன போன் கிடைக்காது காக்கா. டிவியில பாத்தா நல்லாருக்கேன்னு வச்சுக்கோ.”

“காணலன்னா?”

“ஆபீசுக்குப் போன் போட்டுக் கத்து. நீ கத்துனா போனே இல்லாம சென்னைக்குக் கேக்கும்.”

செவ்வாய்க்கிழமை மதியச் செய்தியில் வந்தாள். கூரை இழந்த கடைகள், வரிசையாக வெள்ளை வண்டிகள், நீலத் தலைக்கவசங்கள். மூன்றாவது வண்டியில் மைக்கோடு ஷம்ஸியா. திரை மூலையில் ‘நேரலை’. புதனும் வந்தாள், வியாழனும் வந்தாள்.

“என்ன வே, தங்கச்சி ஒலகத்தையே அமைதியாக்கிட்டுத்தான் வருவா போல,” என்றார் பக்கத்து ஜெராக்ஸ் கடை பட்டாபி. “அப்படியே ஒம்ம மிஷின் சத்தத்தையும் கொறைக்கச் சொல்லும்.”

வியாழன் மாலை உம்மா கேட்டாள்: “கொரல் கேக்கணும் போல இருக்கு. ஆபீசுக்கு ஒரு போன் போடுலே.”

“வேலைல நிக்கவளத் தொந்தரவு பண்ணவா? இந்தா, நேரலன்னு போட்டிருக்கான்லா.”

சனிக்கிழமைதான் தாவூது துணி வெட்டுகிறவனின் கண்ணால் பார்த்தான். இடது பையின் மூடி உள்ளே மடங்கியிருந்தது. வண்டிக்கு முன்னால் ஒரு நாய் குறுக்கே ஓடியது. அடுத்த செய்தியிலும் அதே மடிப்பு, அதே நாய். ஐந்து நாளாக ஒருத்தி பை மூடியை ஒரே மாதிரி மடக்கிக்கொண்டு நிற்பாளா? கத்தரியை வைத்துவிட்டு சென்னைக்கு அழைத்தான்.

“அது செவ்வாய்க்கிழமை எடுத்த விஷுவல் சார். புதுசு வரலைன்னா அதையேதான் திருப்பிப் போடுவோம். புதன்கிழமையே அவங்க தொடர்பு போயிடுச்சு. வீட்டுக்கு யாராச்சும் சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சோம்.”

“நேரலன்னு போட்டிருக்கே?”

“அந்தப் பட்டையை எடுக்க மறந்துட்டாங்க சார்.”

வெள்ளிக்கிழமை வரை அந்த ஊருக்கு ஹெலிகாப்டர் வந்துபோயிருக்கிறது. வேறு நாட்டுச் செய்தியாளர்கள் இருவரை, வீட்டார் கூச்சல் போட்டதால் தேடி ஏற்றி வந்திருக்கிறார்கள். பிறகு பாதை அடைபட்டுவிட்டது. தாவூது கத்தவில்லை. புதன் முதல் வெள்ளி வரை மூன்று நாளும் டிவியைப் பார்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தான்.

ஐந்து வாரம் கழித்து தில்லியிலிருந்து, வெளியுறவு அமைச்சகத்தின் படிவம் ஒன்று வந்தது. எரிந்த வண்டி ஒன்றின் தகரப்பெட்டியில், ‘என் சொந்தப் பொறுப்பில் ஏறுகிறேன்’ என்று யாரோ கையெழுத்திட்ட தாள் கிடைத்திருக்கிறது. பெயர் இருந்த பகுதி கருகிவிட்டது. கையெழுத்து மட்டும் தமிழில். அதன் நகலை இணைத்திருந்தார்கள். வீட்டில் உள்ளதிலேயே பழைய கையெழுத்தோடு ஒப்பிட்டு எழுத வேண்டும். அவளுடையதென்றால் அவள் அந்த வண்டியில் இருந்தாள்.

ஒத்துப்போகக் கூடாதென்று வேண்டிக்கொண்டே பீரோவைக் கலைத்தான். அடித்தட்டில், ஆறாம் வகுப்பில் அவளை நூலகத்தில் சேர்த்த அட்டை, அவளே போட்ட கையெழுத்தோடு இருந்தது. இரண்டையும் அருகருகே வைத்தான். கடைசி எழுத்திலிருந்து கீழே இறங்கி இடப்பக்கம் ஓடும் அதே நீளக்கோடு.

“அவளோடது இல்லன்னு எழுதிரு தாவூது,” என்றாள் உம்மா பைய. “யாரு வந்து பாக்கப் போறா?”

தாவூது பேனாவைத் திறந்தான். ‘ஆம்’ என்ற கட்டத்தில் குறியிட்டான். கீழே, ‘ஒப்பிட்ட கையெழுத்தின் தேதி’ என்ற இடத்தில் அட்டையைப் பார்த்து எழுதினான்: 12.06.2006.